பசுவின் 21 நாட்கள்

மாடு வளர்க்கும் தோட்டத்துக் குடும்பங்களிலிருந்து எனக்கு வரும் கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே கேள்வியின் வேறுவேறு வடிவங்களே. "சேர், ரெண்டு தடவை ஊசி போட்டாச்சு, மாடு நிக்கவே மாட்டேங்குது, என்னதான் காரணம்?" என்று பெற்றோர் கூட்டம் முடிந்த பிறகும் காத்திருந்து கேட்கும் தாய்மார் இருக்கிறார்கள். ஊசி என்று அவர்கள் சொல்வது செயற்கை முறையில் விந்தைச் செலுத்துவதை, நிற்பது என்பது சினை பிடிப்பதை. நான் கால்நடை வைத்தியன் அல்லன். தலவாக்கலைப் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் உயர்தர மாணவருக்கு உயிரியல் கற்பிப்பவன். ஆனாலும் மூளையிலுள்ள பரிவகக்கீழ், அதன் அடியிலுள்ள கபச்சுரப்பி, சூல் (முட்டை) வளரும் சூலகம் என்று மனித உடலை வைத்து வகுப்பில் நாங்கள் வரைந்து காட்டும் அதே கட்டுப்பாட்டுச் சங்கிலிதான் லயத்துக்குப் பின்னாலுள்ள மாட்டுப்பட்டியிலும் இயங்குகிறது என்பதையும், அந்தச் சங்கிலி விளங்கினால் அந்தத் தாயின் கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும் என்பதையும் நீண்ட நாட்களாக எழுத நினைத்திருந்தேன். அந்தச் சங்கிலியில் இரத்தத்தின் வழியே செய்தி கொண்டுசெல்லும் ஓமோன்களை அளப்பதற்கு ஆய்வுகூடம் வேண்டும். அவை எப்போது எழுந்து எப்போது விழுகின்றன என்பதை அறிவதற்கு ஒரு கலண்டரும் பேனாவும் போதும்.

பசுவின் இனப்பெருக்கச் சக்கரம் சராசரியாக 21 நாட்கள் கொண்டது. 18 முதல் 24 நாட்கள் வரையான எதுவும் இயல்பானதே. இந்தச் சக்கரத்தை இயக்கும் முதல் ஆணை மூளையின் அடிப்பகுதியிலுள்ள பரிவகக்கீழிலிருந்து பிறக்கிறது. அங்கே சுரக்கும் விடுவிப்பு ஓமோன் பத்து அமினோ அமிலங்கள் மட்டுமே கொண்ட ஒரு சிறு மூலக்கூறு. அதன் கட்டமைப்பைக் கண்டறிவதற்காக அன்ட்ரூ ஷாலி பன்றிகளின் மூளைத் துண்டுகளையும், ரொஜர் கில்மன் செம்மறிகளின் மூளைத் துண்டுகளையும் இலட்சக்கணக்கில் திரட்டிப் பிரித்தெடுத்தார்கள். 1971இல் விடை கிடைத்தது, 1977இல் இருவருக்கும் நோபல் பரிசும் கிடைத்தது. எனக்கு இதில் எப்போதும் வியப்பூட்டுவது, அந்தப் பத்து அமினோ அமிலங்களும் பசுவிலும் மனிதரிலும் ஒரே வரிசையில் இருப்பதுதான். இன்று சினைப்பருவக் கோளாறுகளுக்காக மாட்டுக்குப் போடப்படும் ஊசி மருந்துகளில் ஒன்று இதே மூலக்கூறின் செயற்கை வடிவம்.

இந்த ஓமோன் இடைவிடாது வடிந்துகொண்டிருப்பதில்லை. துடிப்புத் துடிப்பாக வெளிவருகிறது. 1978இல் ஏர்ன்ஸ்ட் நோபிலின் குழு ரீசஸ் குரங்குகளில் செய்த பரிசோதனையில், மணிக்கொரு துடிப்பாகக் கொடுத்தபோது கபச்சுரப்பி ஒழுங்காக வேலைசெய்தது, தொடர்ச்சியாகக் கொடுத்தபோது அடங்கிப்போனது. ஆகவே ஓமோன் இருக்கிறதா என்று கேட்பது போதாது. எந்தக் கதியில் வருகிறது என்பதும் சேர்ந்துதான் செய்தி. அந்தத் துடிப்புகளைப் பெறும் கபச்சுரப்பி, புடைப்புத் தூண்டும் ஓமோனையும் லூட்டினாக்கும் ஓமோனையும் இரத்தத்தில் விடுகிறது. முதலாவது ஓமோன் சூலகத்தில் பல புடைப்புகளை, அதாவது சூலை உள்ளே கொண்ட சிறு பைகளை, ஒன்றாக வளரச் செய்கிறது. அவற்றுள் ஒன்று முந்திக்கொண்டு, தான் சுரக்கும் ஈஸ்திரஜன், இன்ஹிபின் என்ற ஓமோன்களால் அந்தத் தூண்டலையே குறைத்துவிடுவதால், மற்றவை வாடிப்போகின்றன. ஒரு சக்கரத்துக்குள் இத்தகைய அலைகள் இரண்டோ மூன்றோ எழும். ஆயினும் கடைசி அலையில் முந்திய புடைப்பு மட்டுமே வெடித்துச் சூலை வெளிவிடும், ஏனெனில் அதற்கு முந்திய அலைகள் எழும்போது, முன்பு சூல் வெளியேறிய இடத்திலிருந்து சுரக்கும் புரோஜெஸ்தரோன் என்ற ஓமோன் மூளையை அடக்கி வைத்திருக்கிறது.

புரோஜெஸ்தரோன் விழுந்த பிறகு நடப்பதுதான் இந்தச் சங்கிலியின் மிக அழகான பகுதி. அதுவரை குறைந்த அளவில் இருந்து மூளையைத் தடுத்துவந்த ஈஸ்திரஜன், அளவு உயர்ந்ததும் அதே மூளையைத் தூண்டத் தொடங்குகிறது. லூட்டினாக்கும் ஓமோன் ஒரு பேரலையாக எழுந்து புடைப்பை வெடிக்கச் செய்கிறது. அதே ஈஸ்திரஜன்தான் பசுவைக் கத்தவும், நிலைகொள்ளாமல் தவிக்கவும், தீனியைக் குறைக்கவும், கண்ணாடிபோல் தெளிந்த வழும்பை ஒழுகவும், வேறொரு மாடு மேலே ஏறும்போது அசையாமல் நிற்கவும் செய்கிறது. சினைக்கு ஆயத்தமான அந்த நிற்கும் பருவம் 12 முதல் 18 மணித்தியாலங்களே நீடிக்கும். பல மாடுகளில் அதைவிடவும் குறைவு. பருவம் தொடங்கி ஏறத்தாழ 28 மணித்தியாலங்களில், அதாவது பசு அமைதியடைந்த பிறகே, சூல் வெளிவருகிறது. வெளிவந்த சூல் சில மணித்தியாலங்களே கருக்கட்டும் தகுதியோடு இருக்கும். விந்தணுக்களுக்கு ஒரு நாளளவு ஆயுள் உண்டு என்றாலும், கருக்கட்டும் ஆற்றலைப் பெறுவதற்கு அவை பசுவின் உடலுக்குள் சில மணித்தியாலங்களைக் கழிக்க வேண்டும். காலையில் பருவம் கண்டால் அன்று மாலையும், மாலையில் கண்டால் மறுநாள் காலையும் ஊசி போட வேண்டும் என்ற பழைய விதி இந்தக் கணக்கிலிருந்தே வந்தது.

நம்முடைய தோட்டங்களில் இந்தக் கணக்கு எங்கே தவறுகிறது என்பதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன். ஒன்றிரண்டு பசுக்களைப் பட்டிக்குள் கட்டிவைத்து, தேயிலை மலை ஓரங்களிலும் ஓடைக்கரைகளிலும் புல் அறுத்துவந்து போட்டு வளர்ப்பதே இங்கே வழக்கம். கட்டப்பட்ட பசு இன்னொரு மாட்டைத் தன்மேல் ஏறவிட்டு நிற்பதற்கு வழியில்லை. ஆகவே எல்லாவற்றிலும் உறுதியான அறிகுறி நமக்குத் தெரியாமலே போகிறது. மிஞ்சியிருக்கும் அறிகுறிகளும் இரவிலும் விடியற்காலையிலுமே கூடுதலாக வெளிப்படும், அல்லது பட்டியில் ஆள் இல்லாத பகல் வேளையில் வந்து போய்விடும். விடிந்ததும் கொழுந்து பறிக்க மலைக்குப் போய் மாலையில் திரும்பும் ஒரு பெண், அடுப்பையும் பிள்ளைகளையும் கவனித்துக்கொண்டே பசுவின் பருவத்தையும் கண்டுகொள்ள வேண்டும் என்பது மிகப் பெரிய எதிர்பார்ப்பு. மாடு சினை பிடிக்காததற்குப் பெண்ணைக் குறை சொல்லும் ஆண்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த வீடுகளில் இரவு ஒன்பது மணிக்கு ஒரு முறை டோர்ச் லைட்டோடு பட்டிக்குப் போய்ப் பத்து நிமிடம் நின்று பார்க்கும் வேலையை ஆண்கள் ஏற்றுக்கொள்வதே நியாயம்.

பருவம் கண்ணில் படாமல் போனாலும் அது விட்டுச்செல்லும் ஓர் அடையாளம் உண்டு. பருவம் முடிந்து ஒன்று முதல் மூன்று நாட்களுக்குள் பல பசுக்களின், குறிப்பாகக் கிடாரிகளின், வாலிலும் பின்புறத்திலும் சிறிது இரத்தம் காணப்படும். பெண்களின் மாதவிடாயை மனத்தில் வைத்துக்கொண்டு, கரு கலைந்துவிட்டது என்றோ ஊசி பிடிக்கவில்லை என்றோ பலர் இதற்குப் பொருள் கொள்கிறார்கள். பெண்களில் உதிரப்போக்கு வருவது சக்கரத்தின் முடிவில் புரோஜெஸ்தரோன் விழுவதால். பசுவில் இரத்தம் தெரிவது பருவத்தின் உச்சத்துக்குப் பின் ஈஸ்திரஜன் திடீரென விழுவதால். ஊசி பிடித்த பசுவிலும் அது தெரியலாம், பிடிக்காத பசுவிலும் தெரியலாம். அது உறுதியாகச் சொல்வது ஒன்றுதான்: பருவம் வந்து போயிற்று. அன்றைய திகதியைக் கலண்டரில் குறித்துவிட்டு, அதிலிருந்து பதினேழாம் நாள் தொடக்கம் கண்ணை விழிப்பாக வைத்திருந்தால், அடுத்த பருவம் கைதவறாது.

சூல் வெளியேறிய இடத்தில் எஞ்சிய கலங்கள் மஞ்சட்சடலமாக மாறிப் புரோஜெஸ்தரோனைச் சுரக்கத் தொடங்குகின்றன. கருப்பையைக் கருவுக்காக ஆயத்தம் செய்வதும், அடுத்த பருவத்தை வரவிடாமல் தடுப்பதும் இந்த ஓமோனின் பணி. கரு தங்கவில்லையென்றால், பதினாறாம் பதினேழாம் நாளளவில் கருப்பையே புரொஸ்டகிளாண்டின் என்ற பொருளை விடுவித்து மஞ்சட்சடலத்தை அழித்துவிடும். கருப்பையிலிருந்து வெளியேறும் நாளமும் சூலகத்துக்குள் நுழையும் நாடியும் ஒன்றையொன்று சுற்றிப் பிணைந்திருப்பதால், இந்தப் பொருள் நுரையீரலைச் சுற்றிச் சென்று சிதைந்துபோகாமல் நேரே சூலகத்தை அடைகிறது. கரு உயிரோடு இருந்தால் அதே நாட்களில் அது நீண்ட இழை வடிவில் வளர்ந்து, இன்டர்ஃபெரோன் டோ என்ற புரதத்தைச் சுரந்து, புரொஸ்டகிளாண்டின் புறப்படாதவாறு கருப்பையைத் தடுக்கிறது. நான் இங்கே இருக்கிறேன் என்று கரு தாய்க்கு அறிவிக்கும் முதல் செய்தி அதுவே. அந்தச் செய்தி தாமதித்தாலோ வலுவிழந்தாலோ, நலமான கருவும் இழக்கப்படும்.

இனிக் கலண்டரைப் பாருங்கள். ஊசி போட்ட பசு 18 முதல் 24 நாட்களுக்குள் மீண்டும் கத்தினால், ஒன்று கருக்கட்டல் நடக்கவில்லை, அல்லது அந்தச் செய்தியை அனுப்பும் நாளுக்கு முன்பே கரு இறந்துவிட்டது. ஊசி போட்ட நேரம், பருவத்தைக் கண்ட நேரம், விந்தின் தரம் ஆகியவற்றை அங்கே ஆராய வேண்டும். 25 முதல் 35 நாட்களுக்குள் திரும்பினால், கரு தங்கித் தன் செய்தியை அனுப்பிய பிறகு இறந்திருக்கக்கூடும். கருப்பையின் தொற்று, தீனிக் குறைபாடு, தொற்றுநோய்கள் என்று வைத்தியர் வேறு திசையில் தேடுவார். 42 நாட்களை ஒட்டித் திரும்பினால், பெரும்பாலும் இடையில் ஒரு பருவம் நம் கண்ணில் படாமல் போயிருக்கிறது. பத்துப் பன்னிரண்டு நாட்களிலேயே பருவம் வந்ததாகத் தோன்றினால், இரண்டில் ஒன்று உண்மையான பருவம் அல்ல. தவறான அந்த நாளில் ஊசி போட்டால் எத்தனை தரமான விந்தும் வீண். சினையாக இருக்கும் பசுக்களிலும் ஒரு சில பருவ அறிகுறி காட்டும் என்பதால், ஏற்கெனவே ஊசி போட்ட பசுவுக்கு மறுபடியும் போடுமுன் சோதித்துப் பார்க்கச் சொல்வது நல்லது. ஒரு திகதிகூட எழுதி வைக்காமல் கால்நடை வைத்தியரிடம் போனால், இந்த நான்கு நிலைகளையும் பிரித்தறிய அவரால் முடியாது. "ரெண்டு மூணு தடவை போட்டோம்" என்று சொல்வதைவிட, மூன்று திகதிகளைக் காட்டுவது அவருக்குப் பன்மடங்கு உதவும்.

புரோஜெஸ்தரோன் பாலிலும் வெளிவருவதால், ஊசி போட்டு மூன்று வாரங்களின் பின் ஒரு சிறு போத்தல் பாலை வைத்தே நிலைமையை அறியலாம். இரத்தத்திலும் பாலிலும் இத்தனை நுண்ணிய அளவுகளை அளக்கும் கதிரியக்கக் கணிப்பு முறையை உருவாக்கிய ரொசலின் யலோவும் 1977ஆம் ஆண்டின் அதே நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்; பேராதனைப் பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவ ஆய்வுகளிலும் அந்த முறை பயன்பட்டிருக்கிறது. பாலில் இந்த ஓமோன் குறைவாக இருந்தால் பசு சினையில்லை என்பது ஏறத்தாழ உறுதி. கூடுதலாக இருந்தால் சினையாக இருக்கலாம் என்று மட்டுமே சொல்லலாம், ஏனெனில் சினையில்லாத பசுவிலும் சக்கரத்தின் நடுப்பகுதியில் அது கூடுதலாகத்தான் இருக்கும்.

கன்று ஈன்ற பிறகு மாதக்கணக்கில் பருவமே காட்டாத பசுக்கள் இன்னொரு வகை. இங்கேதான் தீனியின் கதை வருகிறது. ஈன்ற முதல் வாரங்களில் பால் வேகமாக உயர்கிறது, தின்னும் அளவு அந்த வேகத்தில் உயர்வதில்லை. பசு தன் உடற்கொழுப்பைக் கரைத்துப் பால் தருகிறது. இன்சுலினும் அதோடு இணைந்த வளர்ச்சிக் காரணிகளும் தாழ்ந்திருக்கும் அந்த நாட்களில், மூளையின் கிஸ்பெப்டின் நரம்புக் கலங்கள் உடலின் வறுமையை உணர்ந்து விடுவிப்பு ஓமோனின் துடிப்பைக் குறைத்துவிடுகின்றன. துடிப்புக் குறைந்தால் புடைப்பு வளரும், ஆனால் வெடிக்காது. கன்று நாள் முழுவதும் தாயோடு நின்று பால் குடிப்பதும் அதே துடிப்பைத் தாழ்த்தும். போதாக்குறைக்கு, ஈன்ற பின் வரும் முதல் சூல்வெளியேற்றம் பெரும்பாலும் ஓசையின்றி நிகழும், ஏனெனில் பருவ நடத்தையைக் காட்டுவதற்கு மூளை அதற்கு முன் சில நாட்களாவது புரோஜெஸ்தரோனில் ஊறியிருக்க வேண்டும். ஈனுவதற்கு முந்திய இரு மாதங்களில் பால் வற்றிவிட்டது என்பதற்காகப் புண்ணாக்கை நிறுத்திவிடும் வழக்கம் நம்மிடம் பரவலாக இருக்கிறது. அந்தச் சிக்கனத்தின் விலை அடுத்த கன்று தள்ளிப்போவதாகவே வந்து சேர்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

மலையகத்துக்கு இயற்கை தந்த ஒரு நன்மையையும் சொல்ல வேண்டும். நுவரெலியாவின் ஆண்டுச் சராசரி வெப்பநிலை 16 பாகை செல்சியசு அளவில் இருப்பதால், ஃபிரீசியன், அயர்ஷயர் போன்ற குளிர்நாட்டு இனங்கள் தாழ்நிலத்தில் படும் வெப்ப நெருக்கடியை இங்கே படுவதில்லை. அம்பேவல போன்ற பண்ணைகள் இங்கே அமைந்ததற்கும் அதுவே காரணம். வெப்ப நெருக்கடி பருவத்தின் நேரத்தைச் சுருக்கி, முதல் வாரத்துக் கருக்களையும் அழிக்கும். ஆகவே தாழ்நிலத்து விவசாயிக்கு இருக்கும் பெரிய இடர் ஒன்று நமக்கு இல்லை. ஆடு வளர்ப்போருக்கும் ஒரு நன்மை உண்டு. குளிர்நாட்டு ஆடுகள் பகற்பொழுது குறையும் பருவத்தில், இரவெல்லாம் நீண்டு சுரக்கும் மெலடோனின் தரும் அடையாளத்தைக் கொண்டு மட்டுமே சினைக்கு வருகின்றன. மலையகத்தில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வேறுபாடு ஒரு மணித்தியாலத்துக்கும் குறைவு என்பதால், நம் ஆடுகளை ஒளி கட்டிப்போடுவதில்லை. தீனி கிடைத்தால் ஆண்டின் எந்த மாதத்திலும் அவை சினைக்கு வரும்.

பருவத்தை ஊசியாலேயே வரவழைக்கும் முறைகளைப் பற்றியும் கேட்கிறார்கள். 1995இல் அமெரிக்காவின் விஸ்கொன்சினில் வெளியிடப்பட்ட முறைப்படி, முதல் நாள் விடுவிப்பு ஓமோன், ஏழு நாட்களின் பின் புரொஸ்டகிளாண்டின், மேலும் இரண்டு நாட்களின் பின் மறுபடியும் விடுவிப்பு ஓமோன் என்று கொடுத்து, அடுத்த நாள் பருவத்தைப் பார்க்காமலே விந்தைச் செலுத்துகிறார்கள். பெரிய பண்ணைகளுக்கு இது பெரும் உதவி. நம் பட்டியில் எலும்பு தெரியும் பசுவுக்கு இதைச் செய்வதில் எனக்கு நம்பிக்கை குறைவு. துடிப்பை அடக்கிய வறுமை, ஊசிக்குப் பின்னும் அங்கேயே இருக்கிறது. இதைவிட முக்கியமான எச்சரிக்கை ஒன்று உண்டு. புரொஸ்டகிளாண்டின் சினைப் பசுவின் மஞ்சட்சடலத்தை அழித்துக் கருவைக் கலைத்துவிடும். ஆட்டில் சினைக்காலம் முழுவதும் மஞ்சட்சடலமே கருவைத் தாங்குவதால், அங்கே எந்த மாதத்திலும் இந்த ஆபத்து இருக்கிறது. அந்த மருந்து மனிதத் தோலின் ஊடாகவும் உட்செல்லும் என்பதால், கர்ப்பிணிப் பெண்களும் ஆஸ்துமா உள்ளவர்களும் அந்தப் போத்தலையும் ஊசியையும் கையால் தொடவே கூடாது. மாட்டைப் பிடித்துக்கொள்ள வீட்டுப் பெண்களையே அழைக்கும் நம் தோட்டங்களில், வைத்தியர் சொல்ல மறந்தாலும் நாம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி இது.

ஏறத்தாழ 280 நாட்கள் கழித்துக் கன்று பிறக்கும் நாளை முடிவுசெய்வது தாய் அல்ல, கன்றுதான். 1960களில் நியூசிலாந்தின் கிரகாம் லிகின்ஸ், கருவிலுள்ள செம்மறிக் குட்டியின் கபச்சுரப்பியை அழித்தால் பிரசவம் வராமல் நாட்கள் கடந்து போவதையும், குட்டிக்குக் கோர்டிசோல் என்ற ஓமோனைச் செலுத்தினால் பிரசவம் முந்துவதையும் காட்டினார். முதிர்ந்த கருவின் அதிரீனல் சுரப்பி விடும் கோர்டிசோல், சூல்வித்தகத்தில் (நஞ்சுக்கொடியில்) புரோஜெஸ்தரோனை ஈஸ்திரஜனாக மாற்றும் நொதியை எழுப்புகிறது. அதன்பின் புரொஸ்டகிளாண்டினும் ஒட்சிரோசின் என்ற ஓமோனும் கருப்பையைச் சுருங்கச் செய்கின்றன. முந்திப் பிறந்த அந்தக் குட்டிகள் எதிர்பார்த்ததைவிட நன்றாக மூச்சுவிட்டதை அவர் கவனித்ததன் பயனாகவே, குறைமாதப் பிரசவத்தை எதிர்நோக்கும் தாய்மாருக்கு நுரையீரலை முதிரச்செய்யும் ஊசி போடும் வழக்கம் 1972இல் வெளிவந்த ஆய்வின் வழியே மருத்துவத்துக்குள் வந்தது. இன்று உலகெங்கும் குறைமாதக் குழந்தைகள் அதனால் உயிர் பிழைக்கின்றன. ஒரு செம்மறிக் குட்டியின் ஓமோனைப் பின்தொடர்ந்ததால் கிடைத்த பயன் இது என்பதை வகுப்பில் சொல்லாமல் நான் அந்தப் பாடத்தை முடிப்பதில்லை.

கடைசியாக, இரட்டைக் கன்றுகளைப் பற்றி. பசு ஒரு காளைக் கன்றையும் ஒரு கிடாரியையும் சேர்த்து ஈன்றால் வீட்டில் மகிழ்ச்சி இரட்டிப்பாகும். ஆனால் அந்தக் கிடாரி பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்ட வேளைகளில் மலடாகவே இருக்கும். பசுவின் கருப்பையில் இரட்டைக் கருக்களின் இரத்தக் குழாய்கள் ஒன்றோடொன்று இணைந்துவிடுவதால், காளைக் கருவின் விதைகளில் சுரக்கும் ஓமோன்கள் கிடாரியின் உடலுக்குள்ளும் பாய்ந்து அதன் கருப்பையையும் சூலகத்தையும் வளரவிடாமல் தடுக்கின்றன. ஃபிராங்க் லில்லி என்ற அமெரிக்க உயிரியலாளர் 1916இலேயே இந்தக் காரணத்தை முன்வைத்தார். வெளித்தோற்றத்தில் எந்தக் குறையும் தெரியாததால், அந்தக் கிடாரியை இரண்டு ஆண்டுகளுக்கு மேல் புல்லறுத்துப் போட்டு வளர்த்து, பருவம் வரும் வரும் என்று காத்திருந்து ஏமாந்த குடும்பங்கள் எங்கள் பகுதியிலும் உண்டு. கன்று பிறந்த சில வாரங்களிலேயே கால்நடை வைத்தியர் அதன் பிறப்புறுப்புப் பாதையின் நீளத்தைச் சோதித்து, அது வழமையைவிடக் குட்டையாக இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லிவிடுவார். வெளியிலிருந்து கிடாரி வாங்குபவர்கள் தாயின் பால் அளவை விசாரிக்கும்போது, இது தனிக் கன்றா, காளைக் கன்றோடு சேர்ந்து பிறந்ததா என்பதையும் கேட்டுவிட்டே முற்பணம் கொடுங்கள்.